காருக்குக் கறுப்பு அடித்த கதை



காலையிலிருந்து ஆசிரியர் தின வாழ்த்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. துபாயிலிருந்து ஒருவர், திருப்பூரிலிருந்து மூவர், கல்லல் பக்கத்திலேயே இருந்துகொண்டு பத்து வருடமாக முகம் காட்டாத ஒருவர் என்று எல்லோரும் நினைவு வைத்து எழுதியிருக்கிறீர்கள். "நீங்கள் ஏற்றிய விளக்கு", "நீங்கள் செதுக்கிய சிற்பம்" என்றெல்லாம் படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அந்தக் கூச்சம் எதற்கு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமானது. சாயங்காலம் காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

விஷயம் என் காரில் தொடங்குகிறது.

2010 ஆவணியில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார். உங்களில் பலர் அதில் ஏறியிருக்கிறீர்கள். சிலரை நான் பிரசவத்துக்கே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். விலை குறைந்த மாடல் என்பதால் முன் பம்பர், பின் பம்பர், கதவில் ஓடும் பட்டை, பக்கக் கண்ணாடியின் மூடி, கதவுக் கைப்பிடி, வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை எல்லாமே வண்ணம் பூசாத வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். வாங்கியபோது அதுவே ஒரு அழகு. வெள்ளை வேட்டிக்குக் கறுப்புக் கரை போட்ட மாதிரி இருக்கும்.

பதினைந்து வருடம் நம்ம ஊர் வெயிலில் நின்றது. எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. தெருவில் வேப்பமரத்தடிதான். காலையில் நிழல், மதியத்துக்கு மேல் முழு வெயில். வெள்ளை பெயிண்ட் அப்படியே இருக்க, இந்தக் கறுப்பு மட்டும் நரைத்துவிட்டது. முதலில் சாம்பல், பிறகு வெளிர் சாம்பல், கடைசியில் விபூதி பூசியது மாதிரி ஆகிவிட்டது. விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும்.

இந்த ஆகஸ்டோடு பதிவு முடிகிறது. 15 வருடம் ஆன சொந்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, தகுதி பார்த்து, அடுத்த 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோதே சொல்லிவிட்டான். "அப்பா, வித்துருங்கப்பா. பார்க்கவே கிழட்டு வண்டியா இருக்கு. வேணும்னா வாடகைக்காரை வச்சுக்கலாம்." அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் பிரேக் நன்றாக இருக்கிறது, எஞ்சின் நன்றாக இருக்கிறது, டயர் போன வருடம் மாற்றியது. நரைத்துப் போனதற்காக ஒன்றை வேலையிலிருந்து நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. 58 வயதில் ஓய்வு பெற்றவனுக்கு அந்த ரோஷம் இருக்குமல்லவா?

"நானே சரி செய்கிறேன்" என்றேன். வீட்டுக்காரம்மா சிரித்தார். "தலைக்கு மை பூசச் சொன்னா மாட்டேங்கிறீக. காருக்குப் பூசப் போறீகளாக்கும்!"

முதலில் தேங்காய் எண்ணெய். பழைய பனியனில் தொட்டுத் தேய்த்தேன். அடடா, புதுக் கார்! இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் குன்றக்குடி போய் வந்ததில் ரோட்டுப் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது.

அடுத்து ஷூ பாலிஷ். இதுவும் யாரோ சொன்ன யோசனை. மாசி மாதத்தில் வராத மழை அன்றைக்குப் பார்த்து வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் வெள்ளைக் கதவில் கறுப்புக் கண்ணீர். சின்னப் பிள்ளை மை அழிய அழுத மாதிரி நின்றது கார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுத்துக்கொள்கிறேன். பழக்கம் விடவில்லை.

அந்தக் கறுப்பு ஏன் நரைக்கிறது? பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். கழற்றி உள்பக்கம் பார்த்தால் பி.பி. என்ற எழுத்தைப் புடைப்பாக அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் இருக்கும் சாப்பாட்டு டப்பா பலவும் இதே இனம்தான். இதற்குக் கறுப்பு நிறம் தருவது கரித்தூள். ஆமாம், நம்ம அடுப்புக்கரியின் பங்காளிதான். நிறத்துக்காக மட்டும் சேர்ப்பதில்லை. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். ஆனால் மேல் தோலில் வருடக்கணக்கில் வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது, பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துவிடுகின்றன. மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளாகி, தூளாகிறது. அதில் படும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது.

சிலேட்டை நினைத்துப் பாருங்கள். காய்ந்த சிலேட்டு சாம்பல் நிறம். எச்சில் தொட்டுத் தேய்த்தால் கறுகறுவென்று ஆகும். (எச்சில் தொடாதே என்று எத்தனை தடவை உங்களை அதட்டியிருக்கிறேன்!) காய்ந்ததும் பழையபடி சாம்பல். எண்ணெய் செய்வதும் அதைத்தான். வெடிப்புகளை நிரப்புகிறது, கறுப்பாகக் காட்டுகிறது, போய்விடுகிறது.

ஆகவே பூசுவதுதான் வழி என்று முடிவு செய்து, கடையில் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி வந்தேன். பளபளப்பில்லாத மேட் பிளாக். துணியால் தூசி தட்டினேன், அடித்தேன். ஒரே மணி நேரம். தெருவே வந்து பாராட்டியது. மகனுக்குப் போட்டோ அனுப்பினேன். கட்டைவிரல் அனுப்பினான்.

பத்தாம் நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பின் பம்பரில் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. இழுத்தேன். வெயிலில் வாட்டிய அப்பளம் மாதிரி கையகலத்துக்கு உரிந்து வந்தது.

இனி நம்மால் ஆகாது என்று, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன டிங்கரிங், பெயின்டிங் பட்டறைக்குப் போனேன். தேவகோட்டை ரஸ்தா போகிற வழியில் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு காருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நாற்பதை நெருங்கும் வயது. காதோரம் பெயிண்ட் தூள்.

"சார்! வாங்க சார். என்ன இங்கிட்டு?"

எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரும் ஊரும் சொன்ன பிறகுதான் தெரிந்தது. 1996-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. அன்றைக்கு ஒல்லியாக, முன் பல் இரண்டும் பெரிதாக இருக்கும். இனி 'அவன்' என்றே எழுதுகிறேன். என் மாணவன் என்ற உரிமையில்தான். அந்த உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் படித்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

அவன் பம்பரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உரிந்த ஓரத்தை நகத்தால் சுரண்டினான். முகர்ந்துகூடப் பார்த்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"கழுவாமலே கரி பூசிட்டீக சார்."

எனக்குச் சுருக்கென்றது. அது பட்டறை வசனம் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்து வசனம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அப்போது எங்கள் பள்ளியில் கரும்பலகை என்றால் சுவரில் சிமெண்டு பூசிய பலகையும், முக்காலியில் சாய்த்த மரப்பலகையும்தான். வாரம் முழுக்கச் சாக்பீஸ் ஏறி வெளுத்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் வேலியில் கோவை இலை பறித்து வருவார்கள். அடுப்புக்கரியை நுணுக்கி, இலையோடு சேர்த்துக் கல்லில் அரைத்து, கந்தைத் துணியில் ஒற்றிப் பூசுவார்கள். திங்கட்கிழமை பலகை புதுசாக இருக்கும். உங்களில் 2000-க்கு முன்னால் படித்தவர்களுக்கு அந்தப் பச்சை வாசனை இப்போதும் மூக்கில் இருக்கும்.

எல்லோரும் பூசுவார்கள். இவன் பூசினால் மட்டும் அடுத்த வெள்ளி வரை நிற்கும். காரணம், மற்றவர்கள் சாக்பீஸ் தூளின் மேலேயே பூசினார்கள். இவன் முதலில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவுவான். காய விடுவான். தேங்காய் நாரால் தேய்ப்பான். அதன் பிறகே கரியில் கை வைப்பான். பத்து வயதில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே கண்டுபிடித்தது. "கழுவாமப் பூசுனா திங்கக்கிழமை உதிந்துரும் சார்" என்று எனக்கே சொல்வான். அதைத்தான் 29 வருடம் கழித்துத் திருப்பிச் சொன்னான்.

நம்ம ஊரில் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று, இன்றைக்கு யார் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ அந்த ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த நிறுவனம். துருவையும் பூச்சையும் பற்றி அங்கே எத்தனையோ ஆராய்ச்சி நடந்திருக்கிறது. செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்து விடும் நாளில் உங்களை வரிசையாக அழைத்துப் போயிருக்கிறேன். பூச்சு எவ்வளவு உசத்தி என்பதைவிட, பூசும் பரப்பை எப்படித் தயார் செய்தோம் என்பதுதான் முக்கியம் என்று அங்கே ஒருவர் விளக்கியது நினைவிருக்கிறது. கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். அதே பாடத்தை என் வகுப்பில் ஒரு பையன் கோவை இலையோடு நடத்திக்கொண்டிருந்தது எனக்குத் தோன்றவில்லை.

கதைக்கு வருகிறேன். அன்றைக்கு அவனுக்கு வேலை நிறைய இருந்தது. "நாள் சொல்லி விடுறேன் சார்" என்று போன் நம்பர் கொடுத்தான். நான் வீட்டுக்கு வந்து வாட்சப்பில் விளக்கமாக ஒரு கடிதமே எழுதினேன். எந்த நாள் வசதி, என்ன செலவாகும், என்னென்ன வாங்கி வர வேண்டும் என்று வரிசை எண் போட்டு. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள். எனக்குக் கோபம். 'வாத்தியார் என்ற மரியாதை போச்சு' என்று வீட்டில் புலம்பினேன்.

மூன்றாம் நாள் இரவு ஒரு குரல் செய்தி வந்தது.

"சார், தப்பா நினைக்காதீக. பாப்பா ஊருக்குப் போயிருந்துச்சு. இன்னைக்குத்தான் வந்து வாசிச்சுச் சொல்லுச்சு. இனிமே பேசி அனுப்புங்க சார்."

நாலாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு ஒரு முழு வருடம் என்னிடம் இருந்தவன். அவனுக்கு வாசிக்க வராதது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாமல் போனதா, தெரிந்தும் விட்டேனா?

பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கெல்லாம் வரச் சொன்னான். சித்திரை வெயில் ஏறிவிட்டால் பிளாஸ்டிக் சுடும், பெயிண்ட் போய் ஒட்டுவதற்குள் பாதி வழியிலேயே காய்ந்து சொரசொரவென்று விழும் என்றான். ஆடியில் காற்றும் புழுதியும். ஐப்பசியில் ஈரம். நல்ல நாள் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

செய்முறையைச் சொல்கிறேன். யாருக்காவது பயன்படும்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும். நான் பூசிய எண்ணெயும் பாலிஷும் வெடிப்புக்குள் இன்னும் இருந்தன. பழைய பல் துலக்கும் பிரஷால் பொடிக்கட்டங்களில் எல்லாம் தேய்க்க வேண்டும். உரிந்த பெயிண்ட் முழுவதும் போக வேண்டும். அடுத்து 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக, ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். வெளுத்த தோல் போய், உள்ளே இருக்கும் கறுப்பு தெரியும்வரை.

வாட்டர் பேப்பரை என் கையில் கொடுத்தான். "நீங்களே தேய்ங்க சார். நான் உள்ள அந்த வண்டியைப் பார்த்துட்டு வர்றேன்."

கொட்டகைக்கு வெளியே, முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் தேய்த்தேன். உள்ளே கம்ப்ரசர் ஓடியது, பேச்சு நடந்தது, சிரிப்பு கேட்டது. எனக்கு அங்கே இடம் இல்லை. தோள்பட்டை வலித்தது.

வந்து பார்த்தான். ஒரு குவளைத் தண்ணீரைப் பம்பரின் மேல் ஊற்றினான். சில இடத்தில் தண்ணீர் தாமரை இலையில் மாதிரி முத்து முத்தாக நின்றது. "இங்க இன்னும் எண்ணெய் இருக்கு சார். தண்ணி பரவி நிக்கணும்." மறுபடியும் தேய்த்தேன். பிறகு காய வைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தோம். பிளாஸ்டிக்கில் கண்ட தின்னரைப் போட்டுத் துடைக்கக் கூடாது. பம்பர் தாங்கினாலும், கண்ணாடி மூடி வேறு இனம். ஏ.பி.எஸ். என்று போட்டிருக்கும். அது இளகிவிடும்.

மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் கொண்டு வெள்ளை பெயிண்ட், விளக்கு, நம்பர் பிளேட், டயர் எல்லாவற்றையும் மூடினான். இது ஒரு மணி நேரம். அடித்தது மொத்தமே அரை மணி நேரம்தான்.

அடுத்ததுதான் நான் செய்யாமல் விட்டது. பிளாஸ்டிக் பிரைமர். பாலிபுரோப்பிலீன் மெழுகு மாதிரி. எதையும் தன்மேல் ஒட்ட விடாது. சாதாரண பிரைமர்கூடப் பிடிக்காது. அதற்கென்றே உள்ள பிரைமரை மெல்லிசாக ஒரு தடவை அடித்தால், அது ஒரு கையால் பிளாஸ்டிக்கையும் மறு கையால் பெயிண்டையும் பிடித்துக்கொள்ளும்.

"இது ஒட்டாத பிளாஸ்டிக்னு சொல்லுவாக சார்," என்றான். "அப்புடியெல்லாம் ஒண்ணும் இல்ல. அதுக்கு என்ன வேணுமோ அதக் குடுத்தா ஒட்டும்."

அவன் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் சொன்னான்.

பிரைமர் காய்ந்ததும் மேட் பிளாக். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கை நிற்காமல், ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே முடிக்க வேண்டும். முதல் தடவை பனி படர்ந்த மாதிரி அரைகுறையாகத்தான் தெரியும். அவசரப்பட்டு ஒரேயடியாக மூடினால் வடியும். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மறுபடி பத்து நிமிடம் விட்டு மூன்றாவது. நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டேன். சுண்ணாம்பை அரைத்து அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது. நூறு வருடம் கழித்தும் முகம் தெரிகிறது. கனமாக ஒரே பூச்சு பூசியிருந்தால் நின்றிருக்காது. மூக்குக்கு முகமூடி கட்டாயம். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

இந்தப் பத்து நிமிட இடைவெளிகளில்தான் பேசினோம். டீ வந்தது. நான் நேரடியாகவே கேட்டேன்.

"ஏம்ப்பா, அஞ்சாப்புல நீ நல்லாத்தானே இருந்தே. வாசிக்க எப்படி வராமப் போச்சு?"

அவன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான். கோபம் துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் வெளியில பலகை பூசிக்கிட்டு இருப்பேன்ல சார். அப்ப உள்ள பாடம் நடந்துக்கிட்டு இருக்கும்."

நான் பேசவில்லை.

"மொதல்ல வெள்ளிக்கிழமை மட்டுந்தான். அப்புறம் நாலாப்புப் பலகை, மூணாப்புப் பலகை, பெரிய சார் ரூம் பலகை. செடிக்குத் தண்ணி. எனக்கும் அது பிடிச்சுத்தான் இருந்துச்சு சார். நீங்க எல்லார் முன்னாடியும் என்னையத் தட்டிக் குடுப்பீக. ஆறாப்புக்கு வேற பள்ளிக்கூடம் போனேன். மொத நாளே எந்திரிச்சு வாசிக்கச் சொன்னாக. அங்க பலகை பூசுற வேலை இல்ல. ஏழாப்போட நின்னுட்டேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "காஞ்சிருக்கும் சார், அடுத்த கோட்டு அடிச்சிருவோம்" என்று எழுந்தான்.

இப்போது நினைவு வருகிறது. அவனுக்கு வாசிப்பு திணறியது எனக்குத் தெரியும். நாற்பத்தி மூன்று பிள்ளைகள், இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நடத்தினேன். திணறுகிறவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட, அவனுக்கு நன்றாக வருகிற வேலையைக் கொடுத்து வெளியே அனுப்புவது சுலபமாக இருந்தது. அவனும் சிரித்துக்கொண்டே போனான், நானும் பாராட்டிக்கொண்டே அனுப்பினேன். ஒரு நாளும் அவனை அடித்ததில்லை, திட்டியதில்லை. அதனால்தான் என் மனசாட்சி 29 வருடம் சும்மா இருந்தது. பாராட்டியே ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்த முடியும் என்பது எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் கிளம்பி, பெண்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு எழுதப் படிக்கக் கற்ற அந்தக் காலத்தில், நானும் நம்ம பக்கத்து ஊர்களில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவன். அதைப் பெருமையாகப் பல மேடையில் பேசியிருக்கிறேன். ராத்திரியில் அறுபது வயதுப் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவன், அடுத்த சில வருடத்திலேயே, பகலில் பத்து வயதுப் பையனை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது பூச்சு முடிந்து, பெயிண்ட் முழுசாக இறுகுவதற்கு முன்பே டேப்பைப் பதமாகச் சாய்த்து உரித்தான். இறுகிய பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும். ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்றான்.

சாமான் 1,150 ரூபாய், கூலி 1,500 ரூபாய். வாங்கிக்கொண்டான். "சார்கிட்ட எப்படி வாங்குறது" என்ற பேச்செல்லாம் இல்லை. வேலைக்கு உண்டான கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கிளம்பும்போது நான் சொன்னேன். "சாயங்காலம் சும்மாதான்ப்பா இருக்கேன். நீ ஒரு மணி நேரம் ஒதுக்குனா, ஆறே மாசத்துல உன்னை வாசிக்க வச்சிருவேன். இப்ப அரசாங்கமே புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு பெரியவங்களுக்கு நடத்துது. வெட்கப்பட ஒண்ணும் இல்லை."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இல்ல சார். பாப்பா சொல்லிக் குடுக்குது. அதுகிட்டயே படிச்சுக்கிறேன்."

கொஞ்சம் வலித்தது. ஆனால் அவன் சொன்னது சரி என்று வீடு வருவதற்குள் புரிந்துவிட்டது. கடன் பட்டவன் நான். எப்போது, எந்த நாணயத்தில் வாங்கிக்கொள்வது என்பது அவன் விருப்பம். வாங்காமல் விடுவதும் அவன் விருப்பம்.

ஐந்து மாதம் ஆகிறது. சித்திரை வெயில், ஆடிக்காற்று எல்லாம் பார்த்துவிட்டது. ஒரு இடத்திலும் தூக்கவில்லை, நரைக்கவில்லை. பின் பம்பரில் ஒரு மாடு கொம்பால் போட்ட கீறல் மட்டும்தான். ஆகஸ்டில் பதிவும் புதுப்பித்தாயிற்று. சோதித்த அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், எஞ்சின் நம்பரைப் பார்த்தார். பம்பரின் கறுப்பை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது பட்டறையில் இறங்கினேன். கொட்டகைச் சுவரில் ஒரு பிளைவுட் துண்டு மாட்டியிருந்தது. என் காருக்கு அடித்து மிஞ்சிய மேட் பிளாக்கை அதற்கு அடித்திருக்கிறான். சாக்பீஸ் பிடிப்பதற்காக மேலே லேசாக வாட்டர் பேப்பர் போட்டிருக்கிறான். அதில் குழந்தைக் கையெழுத்தில் வரிசையாக எழுத்துகள். அதற்குக் கீழே, பெரியவர் கையில், கோணல்மாணலாக அதே எழுத்துகள். க, கா, கி, கீ வரை வந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.

என் பிள்ளைகளே, நீங்கள் எழுதிய வாழ்த்துகளை நான் மறுக்கவில்லை. உங்களில் பலருக்கு என்னால் நல்லது நடந்திருக்கலாம். ஆனால் வாழ்த்து எழுதுகிறவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். எழுதாமல் இருக்கும் சிலரைப் பற்றித்தான் இன்றைக்கு நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களோடு படித்து, பாதியில் காணாமல் போன யாரையாவது பார்த்தால், சார் விசாரித்தார் என்று வாயால் சொல்லுங்கள். உங்களில் பதினோரு பேர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். தண்ணீர் எடுத்து வர, பெஞ்சு தூக்க, டீ வாங்கி வர எப்போதும் ஒரே பையன் ஓடி வருகிறானா என்று நாளைக்கு வகுப்பில் பாருங்கள். அவன் சந்தோஷமாகத்தான் ஓடுவான். அவனை உட்கார வைத்துவிட்டு, இன்றைக்கு நீங்களே போய் எடுத்து வாருங்கள்.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அவனிடம் சம்மதம் கேட்க வேண்டும் அல்லவா? நேற்று இரவு முழுவதையும் வாசித்து, குரல் செய்தியாக மூன்று துண்டாக அனுப்பினேன். என் குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது, அப்படியே விட்டுவிட்டேன். காலையில் பதில் வந்திருந்தது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கேட்டேன் சார். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு கோட்டுக்கு நடுவுல பத்து நிமிசம்னு சொல்லிருக்கீக. அது அன்னைக்குக் காலையில குளுமையா இருந்ததால. வெயில் நேரம்னா ஏழு நிமிசம் போதும். அத மாத்திப் போடுங்க. இல்லாட்டி யாராச்சும் பார்த்துச் செஞ்சு தப்பாப் போயிரும்."

மாற்றிப் போட்டுவிட்டேன். வெயில் நேரம் என்றால் ஏழு நிமிடம்.